பதினைந்து அங்குலப் பெருமை

என் வேனுக்குப் பதின்மூன்று அங்குல ரிம்தான். கொழும்பில் லொறி ஓட்டும் மச்சான் ஒருநாள் நான்கு டயர்களைக் கொண்டுவந்து இறக்கினான். புத்தம் புதுசு, பதினைந்து அங்குலம். டயர் ரிம்முக்குப் பொருந்தாவிட்டால் டயரைத் திருப்பிக் கொடுப்பது சாதாரண மனிதன் செய்யும் வேலை. நானோ இருபது வருஷமாகத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மகா நிபுணன். டயருக்குப் பொருத்தமாக நான்கு ரிம் தேடி வாங்கினேன்.

கொட்டகலை டயர் கடைக்கார நானா பூட்டிக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தம்பி, டயரும் ரிம்மும் சரி. வேனுக்குச் சரியான்னு கதவோரத்துல ஒட்டியிருக்கிற அளவ வாசிச்சுப் பாருங்க."

எனக்கே வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்! சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் மகள் வாசித்தாள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறவள். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசித்துத் தொலைப்பாள். "அப்பா, கதவுல பதிமூணுன்னு போட்டிருக்கு. டயர்ல பதினஞ்சுன்னு இருக்கு."

"நீ ஒம் பாடத்தப் படி. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். தினமும் காலையில் வேலையாட்களுக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு வேனைக் கொண்டுபோய், தன்னந்தனியாக நாலு சுற்றுச் சுற்றினேன். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் அது ஒன்றுதான். மலைப்பாதையில் ஓடும் வண்டியைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்த இடம் அது.

பரீட்சைக் காலையில் என் மகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றினேன். அம்மாமார் திருநீறு பூசி அனுப்பினார்கள். சிலர் டயரையும் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் அடியில் யாரோ ரம்பம் போடுவதுபோல் சத்தம் கேட்டது. ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. பாரத்தில் வண்டி தாழ்ந்து, டயர் மேலே மட்காட் தகட்டில் இறுகிவிட்டது. வெறும் வண்டி என்றால் திரும்பும், பிள்ளைகள் இருந்தால் திரும்பாது. பள்ளி வேனுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாரையும் இறக்கி, வளைவில் வண்டியைத் திருப்பி, மறுபடி ஏற்றினேன். அடுத்த வளைவிலும் அதே கூத்து. கீழே பரீட்சை நடக்கும் பள்ளிக்குப் போய்ச்சேர இன்னும் ஐந்து வளைவுகள் இருந்தன. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு வருஷமாகப் படித்ததை நாலு டயருக்காகத் தொலைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நாலாவது வளைவில் இறங்கிய என் மகள் மறுபடி ஏறவில்லை. "குறுக்குப் பாதையில ஓடினா போயிரலாம்பா," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பன்னிரண்டு வெள்ளை உடுப்புகளும் தேயிலைக்குள் இறங்கிவிட்டன. நான் பாரமில்லாத வண்டியை வளைவு வளைவாக அழகாகத் திருப்பிக்கொண்டு போய்ச்சேர்ந்தபோது, காவலாளி வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேரும் உள்ளே போய்விட்டதாகச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பரீட்சை முடிந்து, என் மகள் முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். கேட்கவே கூசியது. இருந்தாலும் கேட்டேன்.

"பரீட்சை எப்பிடிம்மா?"

"லேசுதாம்பா. எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினேன்."