யார் என்று கேட்காத வேதாசலம்

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் சங்கத்துக் கடையில் கல்யாணக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அத்தைக்காரிக்கு அரக்கு வேண்டும், கல்யாணப் பெண்ணுக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும், பணம் கொடுக்கப்போகிற அப்பாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இருவருக்கும் நடுவில் சேலைகளை விரித்துக்கொண்டிருந்தபோது தாமல் பேருந்தின் நடத்துநர் வாசலில் வந்து நின்றார். "சார், முசரவாக்கத்துல உங்க மஞ்ச நூல்காரரு போயிட்டாரு. விடிகாலைல, தூக்கத்துலயே. ஊட்டுல உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். வண்டி காத்துக்கொண்டிருந்ததால் உடனே ஓடிவிட்டார். நான் கையிலிருந்த சேலையை மடிக்க மறந்து நின்றேன்.

மஞ்ச நூல்காரர் என்றால் நம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேலை சரிபார்ப்பவராக இருந்து, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போன வேதாசலம்தான் அவர். நான் விற்பனை மேசை, அவர் அடுத்த மேசை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இருவர் தலையும் நரைத்தது. அவரைத் தெரிந்த உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அஞ்சலியைச் சிரிக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை.

அவர் வந்த புதிதில் நம் சங்கம் எப்படி இருந்தது என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். நெசவாளர் சேலையைக் கொண்டுவருவார். பலகையில் விரித்துப் பார்ப்போம். இழை விட்டிருந்தாலோ, கரையும் உடலும் சேரும் இடம் கோணியிருந்தாலோ கூலியில் பிடித்துவிடுவோம். அதனால் பழுதை மறைப்பது ஒரு தனிக் கலையாக வளர்ந்திருந்தது. எண்ணெய்க் கறைமேல் சுண்ணாம்புப் பொடி தடவுவார்கள். பழுது உள்மடிப்புக்குள் போகும்படி மடிப்பார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்துச் சேலையைக் கொண்டுவருவார்கள்.

வேதாசலம் கண்ணில் எதுவும் தப்பவில்லை. அவர் பிடித்துப் போட்ட பழுதுகளைப் பார்த்துத் தலைவர் பொன்னுரங்கம், "இப்பதான்யா சங்கத்துக்கு ஒரு சரியான ஆளு வந்திருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். புகழப்பட்டவரோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சுந்தரம், நான் நல்லா கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவங்க இன்னும் நல்லா மறைக்கக் கத்துக்கினு வராங்க. சேல மட்டும் அப்படியேதான் இருக்குது" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி மாதத்துப் பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து தன் யோசனையைச் சொன்னார். தறியில் இருக்கும்போதே பழுதைப் பார்த்து, அந்த இடத்துக் கரையோரத்தில் நெசவாளரே ஒரு நூல் கட்டிவிட வேண்டும். நூல் கட்டியிருந்தால் கூலியில் பிடித்தம் கிடையாது. சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து நூலை அறுத்துவிடுவோம். முடியாததைத் தனியாக வைத்து, குறையைச் சொல்லியே விற்போம். "யாருன்னு கேட்டா பொய்தான் வரும். எங்கேன்னு கேட்டா சேலையே பதில் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த கறுப்பு நூல்கண்டைத் தூக்கிக் காட்டினார்.

அவ்வளவுதான், கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஐயம்பேட்டை நெசவாளர் கண்ணப்பனின் மனைவி செங்கம்மா. தறியில் கணவனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கு நூலோட்டும் நாடாவைப் போடுகிறவள். "ஏன் சார், தாலி கட்டுற புடவைல கறுப்பு நூலா? எவ கட்டுவா? எங்க ஊட்டுல தறியாண்டகூட வரவுடமாட்டேன். மஞ்ச நூலுன்னா கட்டலாம்" என்றாள். கூட்டம் சிரித்தது. வேதாசலம் கொஞ்சமும் அசடு வழியவில்லை. "திட்டம் பொறந்து அஞ்சு நிமிசம் ஆவல, மொத பழுத இந்தம்மா காட்டிட்டாங்க" என்று சொல்லி, யாரிடமோ மஞ்சள் நூல் வாங்கி, தான் எழுதிக் கொண்டுவந்த தாளின் ஓரத்திலேயே முதல் முடிச்சைப் போட்டார்.

தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தப்பு செய்தவனுக்குப் பிடித்தம் இல்லையென்றால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். அதற்கு வேதாசலம், புரட்டாசி முடியும்வரை பாருங்கள், சேலை சீராகவில்லையென்றால் நானே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தாள். வேறு வருமானம் கிடையாது. திரும்பி வரும் வழியில் நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

முதல் சில வாரங்களில் வந்த சேலைகளைப் பார்க்க வேண்டுமே. வேண்டுதல் கட்டிய கோயில் மரம்போல ஓரமெல்லாம் மஞ்சள் நூல் தொங்கியது. இத்தனை பழுதுகளையா இவ்வளவு நாள் மடித்து மடித்து விற்றோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வேதாசலம் முகத்தில் மட்டும் தீபாவளி. செவ்வாய்க்கிழமைதோறும் நூல் கட்டிய சேலைகளைக் கூடத்தில் விரித்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். நெசவாளர்கள் சுற்றி உட்கார்ந்து ஒருவர் சேலையை ஒருவர் பார்த்தார்கள். மழைக்காற்று அடித்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை நொந்துபோகிறது என்று ஒருவர் சொல்ல, நான் சன்னலுக்குச் சாக்கு கட்டித் தொங்கவிடுகிறேன் என்று இன்னொருவர் சொன்னார். அடுத்த வாரம் அந்தத் தெரு முழுக்கச் சாக்கு தொங்கியது. ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தபோது சேலைகளில் நூல் குறைந்திருந்தது. பயந்து குறையவில்லை, பழுதே குறைந்திருந்தது. தலைவர்கூட ஒரு செவ்வாய்க்கிழமை காப்பிக்கு வந்து, இரண்டு தம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சோதனை வந்தது. சரஸ்வதி பூஜை முடிந்து சங்கம் திறந்த முதல் நாள், வந்த சேலைகள் ஒவ்வொன்றிலும் முந்திக்குச் சற்றுத் தள்ளி ஓர் இழை இழுத்துக்கொண்டு நின்றது. எதிலும் மஞ்சள் நூல் இல்லை. தலைவருக்குச் செய்தி போயிற்று. வந்து பார்த்தார். "பாத்தியா வேதாசலம்? மறுபடியும் மறைக்க ஆரம்பிச்சிட்டாங்க. புரட்டாசி முடியப்போவுது. உன் வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்குதில்ல?" என்றார். அந்த வரிசையில் செங்கம்மாவும் நின்றிருந்தாள். "தலைவரே, ஒரு ஒரு இழையா பாத்துக்கினுதான் எடுத்தாந்தேன். கட்டவேண்டிய எடத்துல கட்டியிருக்குது பாருங்க. இது எங்க ஊட்டுல வந்த பழுது இல்ல" என்றாள்.

இது எல்லோரும் எப்போதும் சொல்கிற பேச்சுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். வேதாசலம் அவள் சேலையைத் திருப்பிப் பார்த்தார். மயிரிழை போன்ற ஒரு பழுதுக்கு அவளே நூல் கட்டியிருந்தாள். எங்கள் கண்ணுக்கு அது தெரிந்தே இருக்காது. "இத்தக் கட்டுனவங்க அத்த ஏன் மறைக்கணும்?" என்று கேட்டார்.

அடுத்து வரிசையில் இருந்தவரின் சேலையை வாங்கி, முற்றத்து வெயிலில் பாயை விரித்துச் செங்கம்மாவைப் பார்க்கச் சொன்னார். தலைவரும் குனிந்து பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. அதே சேலையை உள்ளே கொண்டுவந்து பலகைமேல் போட்டு, எப்போதும்போல் தன் பக்கம் இழுத்தார். முந்திக்குச் சற்றுத் தள்ளி ஓர் இழை நின்றது.

வேதாசலம் பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. நான் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பலகை தலைவரின் காலஞ்சென்ற தகப்பனார் சங்கத்துக்குக் கொடுத்தது. உபயம் என்று போட்டு அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பலகையின் விளிம்பில் ஆணியடித்திருந்தது. பூஜைக்காகப் புளி போட்டு அழுத்தித் தேய்த்ததில் தகட்டின் ஒரு மூலை நகம்போல எழும்பி நின்றது. பழுது பார்க்கும் பலகையே எல்லாச் சேலையையும் பழுதாக்கிக்கொண்டிருந்தது.

தலைவர் முகம் சிவந்தது. "எவன்டா இத்தத் தேய்ச்…" என்று ஆரம்பித்தார். மூலையில் நின்ற கடைநிலை ஊழியர் கதவுப் பக்கம் நகர்ந்தார். தலைவரின் கண் வேதாசலத்தின் முகத்தில் பட்டது. என்ன தோன்றியதோ, பாதி வார்த்தையை விழுங்கிவிட்டார். "எங்க, காட்டு" என்றார். வேதாசலம் அவர் கையைப் பிடித்து, விரலை அந்த மூலையில் வைத்தார். தலைவர் தடவிப் பார்த்துவிட்டுச் செங்கம்மாவிடம் கை நீட்டினார். "உன்னாண்ட மஞ்ச நூல் இருந்தா கொஞ்சம் குடும்மா."

தன் தகப்பனார் பெயருக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் தலைவரே ஒரு முடிச்சுப் போட்டார். முதலில் சிரித்தது செங்கம்மாதான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது, தலைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தகட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினோம். இன்றும் அங்கேதான் இருக்கிறது, முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. புரட்டாசி முடிந்தது. வேதாசலம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை.

தகட்டைக் கழற்றிய அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது, வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பீர் என்று கேட்டேன். "தப்பு நம்ம கைல இருக்கற வரைக்கும் அது வேலைப்பா. கல்யாண ஊட்டுக்குப் போயிட்டாத்தான் அது அவமானம். நமக்கு இன்னும் வேலை இருக்குது, வா, டீ குடிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வந்தன. நூல் முழுவதும் நின்றுபோன வாரம் என்று ஒன்று வரவே இல்லை. வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் முசரவாக்கம் போனபோது வாசலில் நம் சங்கமே நின்றிருந்தது. தலைவரை இருவர் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தார்கள். கண்ணப்பனும் செங்கம்மாவும் ஒரு பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்தார்கள். வருகிற தையில் வேதாசலத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கென்று நெய்தது, அப்போதுதான் தறியிலிருந்து அறுத்தது. அதை அவர்மேல் போர்த்தினார்கள். கரையோரத்தில் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது.

தலைவர்தான் முதலில் பார்த்தார். "எங்கேப்பா?" என்று கண்ணப்பனிடம் கேட்டார். கண்ணப்பன் குனிந்து, ஜரிகையில் ஓர் இழை விட்டிருந்த இடத்தைக் காட்டினார். தலைவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து வேதாசலத்தின் மகளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சாவு வீட்டில் இத்தனை பேர் சிரித்ததை அந்தத் தெரு பார்த்திருக்காது. உறவுக்காரர் ஒருவர் நூலை அறுத்துவிடக் கை நீட்டினார். செங்கம்மா தடுத்தாள். "இருக்கட்டும்பா. அவரே பாத்து அறுத்துக்கட்டும்" என்றாள்.

அவர் போனதில் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். பக்கத்து மேசையைப் பார்க்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட வாயெடுக்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் மனசு நிறைந்துதான் போகிறது. அவருடைய மேசையில் எப்போதும் இருந்த மஞ்சள் நூல்கண்டை, ஓய்வு பெறும்போது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். புறப்படும்போது மகள் அதை என் கையில் கொடுத்தாள். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், எங்கே என்கிற அந்த ஒரு கேள்வியும்தான். நூல்கண்டை விற்பனை மேசைமேல் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தேன். இன்று காலை வந்து பார்த்தபோது ஒரு முழம் குறைந்திருந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு உள்ளே போனேன்.