புதன்கிழமை வராத சோதனை

வெர்லின் ஹாஸ்கெட்டுக்குக் கேலி மட்டும் ஆகாது. முப்பத்தொரு வருஷம் கிரைடர் ஊர் மலைவீடுகளுக்கெல்லாம் காஸ் லாரி ஓட்டியவர். வாடிக்கையாளரின் நாய் கடித்தால்கூடச் சிரித்துக்கொண்டே கட்டுப் போட்டுக்கொள்வார். ஆனால் தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது. மனுஷனிடம் இருந்த ஒரே கோணல் அதுதான். அது போதாதா?

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஊர் அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் வெர்லினையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் அவர்களுடைய ரிப்பீட்டர் இருந்தது. கைரேடியோவில் பேசுவதை வாங்கி, மலை மடிப்புகளுக்குள்ளும் கேட்கும்படி திருப்பி அனுப்பிவிடும். வெர்லின் அதன் பக்கத்தில் ஒரு வானிலை எச்சரிக்கை ரேடியோவை வைத்து, இரண்டையும் தானே செய்த ஒரு பெட்டியால் இணைத்தார். வானிலை அலுவலகம் எச்சரிக்கை விட்டால் போதும், பெட்டி விழித்துக்கொண்டு அதை அப்படியே ரிப்பீட்டரில் கத்தும்.

டெல்ஃபா பிரீஸுக்காகத்தான் அவ்வளவும் செய்தார். சங்கத்து உறுப்பினர், எழுபத்து நான்கு வயது, இரண்டு கண்ணும் தெரியாது. பள்ளத்துக்குள் ஒரு தகர வீட்டில் தனியாக இருந்தார். புயலுக்கு ஊதும் ஊர்ச் சங்கு அங்கே கேட்காது. செல்போன் எடுக்காது. வானிலை ரேடியோகூட எடுக்காது. ரிப்பீட்டர் மட்டும் தெளிவாகக் கேட்கும். வாசலிலிருந்து புயல் நிலவறை வரை கயிறு கட்டி வைத்திருந்தார். எச்சரிக்கை வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபத்தாறு எட்டு, அவ்வளவுதான்.

வில்லங்கம் புதன்கிழமைகளில் வந்தது. வாராவாரம் புதன் பதினொன்றரைக்கு வானிலை அலுவலகம் ஒரு சோதனை எச்சரிக்கை விடும். சங்கத்துக் கிழவர்கள் ரேடியோவில் அரட்டை அடிக்கும் நேரமும் அதுதான். பேச்சு சூடுபிடிக்கும்போது பெட்டி குறுக்கே விழுந்து அலறும்.

"யோவ் வெர்லின், உன் கழுதை கனைக்க ஆரம்பிச்சிருச்சுய்யா!" என்பார் சங்கத் தலைவர் கேலன் ஸ்டக்கி. "அதுக்குக் கொஞ்சம் புல்லு போட்டுட்டு வாயேன்."

மற்றவர்கள் சிரிப்பார்கள். வெர்லினுக்குக் காது மடல் சிவந்துவிடும். நாலு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு ஏற்பாடு செய்தார். புதன் பதினொரு மணிக்குத் தன் கைரேடியோவில் நான்கு எண்களை அழுத்துவார், பெட்டி தூங்கிவிடும். வீட்டு வானிலை ரேடியோவில் சோதனை முடிந்த சத்தம் கேட்டதும் மறுபடி அழுத்துவார், விழித்துக்கொள்ளும். இதை யாரிடமும் சொல்லவில்லை. கேலிக்குப் பயந்து செய்ததை எந்த முகத்தோடு சொல்வது?

ஏப்ரல் மாதத்து ஒரு புதன். தெற்கிலிருந்து புழுக்கமான காற்று. பதினொன்றுக்குப் பெட்டியைத் தூங்கவைத்தார். பதினொன்றரைக்குச் சோதனை வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார், புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பிளேடு மாற்றினார். சோதனை முடிந்தால் எண்களை அழுத்துவது என்று கை பழகியிருந்தது. சோதனையே வரவில்லை, அதனால் அழுத்தவில்லை.

வானம் மோசமாகும் என்று தெரிந்தால் அன்றைக்குச் சோதனையை நிறுத்திவிடுவார்கள், நிஜமும் சோதனையும் குழம்பக் கூடாதென்று. சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புது உறுப்பினர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே வெர்லின்தான்.

நாலேகாலுக்கு ஊர்ச் சங்கு ஊதியது. நிலவறையில் உட்கார்ந்து, தன் பெட்டியின் குரலைக் கேட்கக் கைரேடியோவைக் காதில் வைத்தார். மூச்சுப் பேச்சில்லை. அப்போதுதான் உறைத்தது. எண்களை அழுத்தினார். பெட்டி விழித்துக் கத்தியது. சூறாவளி டெல்ஃபாவின் பள்ளத்தைத் தாண்டி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

தகர வீடு கவிழ்ந்து கிடந்தது. டெல்ஃபாவைக் குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது.

"உன் பெட்டி கத்துச்சுப்பா, நானே கேட்டேன்," என்றார் கேலன், தோளில் தட்டி. "பாவம், அவளுக்குத்தான் காது போயிருச்சு. இனிமே உன் பெட்டியைக் கழுதைன்னு சொல்லமாட்டேன்."

வெர்லின் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும். பாராட்டு வேறு கேட்டது அந்தக் காதுக்கு.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பதின்மூன்றாம் நாள் போனார். டெல்ஃபாவின் மகள் ரோவீனா ஜன்னலோரம் ஒரு விடுதியின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி, எண்பது மைல் தள்ளி.

"வெர்லினா? செருப்புச் சத்தம் சொல்லுதே," என்றார் டெல்ஃபா. "உன் பெட்டி கத்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ நான் பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தேன். ரேடியோ மடியிலதான் இருந்துச்சு. ஒண்ணும் கேக்கலை. கண்ணுதான் போச்சு, காதாவது இருக்குன்னு நெனச்சேன்."

"அதான் அம்மா தனியா இருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு," என்றாள் ரோவீனா. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. வீட்டைத் திரும்பக் கட்டித் தரணும்னு அடம் பிடிக்கிறாங்க."

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்ஃபா, பெட்டி கத்தலை. நான்தான் அணைச்சு வச்சிருந்தேன். பசங்க சிரிக்கிறாங்கன்னு ஒவ்வொரு புதனும் அணைப்பேன். அன்னிக்குத் திரும்பப் போடலை. எல்லாம் முடிஞ்சப்புறம் போட்டேன்."

ரோவீனாவின் பேனா நின்றது. வெர்லின் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

டெல்ஃபாவின் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், வலியில் மறுபடி சாய்ந்தார்.

"அப்போ என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"ரோவீனா, கேட்டியா? வெர்லின், இன்னொரு தடவை சொல்லுப்பா. சத்தமாச் சொல்லு. கதவைத் திற, அந்த டாக்டரையும் கூப்பிடு."

ரோவீனா கதவைத் திறந்தாள். டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் வந்து நின்றார்கள். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கியபடி, முதல் வார்த்தையிலிருந்து வெர்லின் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், சத்தமாக.