அத்தையின் கட்டிக்குள் இருந்தவர்கள்

அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரியவந்தபோது நான் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, புக்கிட் பாத்தோக் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. ஏதாவது ஓர் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தியதும் கேட்கும் குரல் அவளுடையது. தமிழிலோ ஆங்கிலத்திலோ மலாயிலோ, ஆள் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேசவைத்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை நடுங்கிப்போயிருந்த ஒரு பெரியவரிடம் மிளகாய்ச் சம்பால் செய்வது எப்படி என்று கேட்டுவைத்தாளாம். கதவைத் திறந்த பிறகும் அவர் வெளியே வராமல் செய்முறையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாராம்.

தன் கட்டி விஷயத்திலும் அவள் குரல் மாறவில்லை. சோதனைக்காக ஊசிபோட்டுக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்த அன்று, அம்மா அடுக்களையில் நின்று அழுதாள். அத்தை எட்டிப் பார்த்து, “அண்ணி, சட்னி அப்படியே கெடக்கு லா. அரைச்சிட்டு அழுங்க, இல்ல அழுதுட்டு அரைங்க. எனக்குப் பசிக்குது” என்றாள். அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து, விக்கல் எடுத்துக்கொண்டது.

முடிவு சொல்லும் நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. என்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் மருத்துவமனைக்கு நானும் போனேன். உள்ளே வாயைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். புற்றுநோய்தான் என்றார். வேகமாக வளரும் வகை, ஹார்மோன் மாத்திரைகளுக்கு மசியாது என்றார். அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர், இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றார். துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அத்தையின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் ஏராளமாகப் புகுந்திருந்தனவாம்.

அப்பாவுக்கு அது அடுத்த கெட்ட செய்தியாகப் பட்டது. “அதுங்களுக்கு அங்க என்ன வேலை? அதுங்களுக்கும் பரவிடுச்சாமா?” என்று தங்கையிடம் தமிழில் கேட்டார். அத்தை அதை ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டர் இல்லை என்று வேகமாகத் தலையசைத்தார். அவை போர்வீரர்கள் மாதிரி. நோயை அடையாளம் கண்டு, அதன் கோட்டைக்குள்ளேயே நுழைந்து சண்டை போடுகின்றன. தனியாக ஜெயிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த வகைப் புற்றுநோயில், இப்படி உள்ளே நிறையப் பேர் இருந்தால் கீமோ மருந்து நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். உறுதி கொடுக்க முடியாது, ஆனால் நல்ல அறிகுறி. முதலில் மருந்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை.

அப்பாவின் பிடி தளர்ந்தது. “பாருங்கண்ணே, நம்மாளுங்க நமக்கு முன்னாடியே உள்ள போயி உக்காந்திருக்காங்க” என்றாள் அத்தை.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் போர்வீரர்கள்மேல் தனிப்பாசம் வந்துவிட்டது. யாரும் அனுப்பாமல், யாருக்கும் சொல்லாமல் போனவர்கள் அல்லவா.

மருந்து ஆரம்பித்ததும் அத்தையின் முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. எனக்குச் சளி பிடித்ததும், அவளுக்குத் தொற்றக் கூடாதென்று என் மெத்தையைக் கூடத்துக்கு மாற்றினார்கள். வெளிச்சாப்பாடு கிடையாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது. அந்த ஆண்டு தீபாவளிக்குத் தெருவெல்லாம் போடும் ஒளியூட்டைப் பார்க்கத் தேக்காக் கடைவீதிக்கு யாருமே போகவில்லை. ஒருநாள் அத்தைக்குக் காய்ச்சல் அடித்து, அவசரமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்பா கைப்பேசியில் யாரிடமோ, “வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சிருச்சாம். அந்த மருந்து நல்லதையும் சேத்துக் கொன்னுடுதாம்” என்று சொன்னது காதில் விழுந்தது. வெள்ளை அணுக்கள் என்றால் போர்வீரர்கள்தான் என்பது பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றில் நான் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தது. அப்படியென்றால் மருந்து அவர்களைக் கொல்கிறது. மிஞ்சியவர்களையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எறியப்போகிறார்கள். இந்த அநியாயம் பெரியவர்கள் யார் கண்ணிலும் படவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காய்ச்சல் தணிந்து அத்தை வீடு திரும்பினாள். மருந்துகளும் ஒருவழியாக முடிந்தன. அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். பேச்செல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்த நேரத்தில் அப்பாவின் நிபந்தனையை மீறினேன். கட்டியை வெட்டினால் உள்ளே இருக்கும் போர்வீரர்களும் போய்விடுவார்களே, முதலில் அவர்களை வெளியே கூப்பிட முடியாதா என்று கேட்டேன்.

அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தார். உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றார். மற்றவர்கள் அத்தையின் உடம்பு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், எலும்புக்குள் புதியவர்கள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். அப்படியானால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று கேட்டேன். வேலையை முடித்திருப்பார்கள் என்று நம்புவதாகவும், எடுத்த பிறகு பார்த்துச் சொல்வதாகவும் அவர் கூறினார்.

“இது வேற யாரு, என் அண்ணன் மகதான்” என்று டாக்டருக்குப் புரியாத தமிழில் பெருமைப்பட்டுக்கொண்டாள் அத்தை.

சொன்னபடியே டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை முடிந்து ஆய்வு முடிவு வந்த அன்று, வெட்டி எடுத்த சதையில் புற்றணு ஒன்றுகூடத் தென்படவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உன் ஆட்கள் சிலர் அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், சண்டை போட எதிரியைத்தான் காணோம் என்றார். அப்பா டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விட மறந்துவிட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை மட்டும், “ஓ, ஓகே டாக்டர்” என்றாள்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேக்காவில் எல்லோருக்கும் பிரியாணி என்றார். “நீங்க ரெண்டு பேரும் போங்கண்ணே. நான் புள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன்” என்றாள் அத்தை. பிரியாணி போனது எனக்கு. அதற்கு ஈடாக ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் முன்னிருக்கை கிடைத்தது. நான் பேச நிறைய வைத்திருந்தேன். நின்றுகொண்டிருந்தவர்கள் இனி எங்கே போவார்கள் என்பது என் முதல் கேள்வி. கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அத்தை தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலைத்துணி நழுவி, முழுப் பாரமும் என்மேல் சாய்ந்திருந்தது. தட்டினேன், உலுக்கினேன், அசையவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் மேலே ஏறி வந்துதான் எழுப்பினார். வீட்டுக்கு வந்தும் நேரே படுக்கைக்குப் போனவள் மறுநாள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு வருத்தம். “இவ்ளோ நல்ல நியூஸ் சொன்னாங்க, அத்தை ஒரு வாட்டிகூடச் சிரிக்கலம்மா” என்று புகார் சொன்னேன். அம்மா அறைக் கதவைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

அத்தனை மாதங்களும் அத்தை இரவெல்லாம் தூக்கம் வராமல் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள் என்பதும், அம்மாவுக்கு அது தெரியும் என்பதும், தெரிந்ததை அவளிடம் காட்டிக்கொள்ளாமலே அம்மா இருந்துவிட்டாள் என்பதும் நான் வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அன்று பேருந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தோள் வலிக்கிறது என்பது மட்டும்தான்.