கட்டர் கழற்றாத வண்டி

அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகுதான் கம்பு இன்னும் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். நுனியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பு. வில்லியனூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரமும் அதைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன். தப்பித்துப் போகிறவன் கொடியோடு போகிறான். ரோட்டோரக் கால்வாயில் அதைப் போட்டுவிட்டு, பாண்டி டவுன் இருக்கும் கிழக்குப் பக்கமாக வேகத்தைக் கூட்டினேன். ஓடவில்லை. ஓடுகிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

அப்போது நான் நெல் அறுக்கும் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்து முதலாளியுடைய வண்டி. அதை ஓட்டியவரும் அந்த ஊர்க்காரர்தான். முதலாளி பைக்கில் முன்னேயும் பின்னேயும் போய் வயல் பிடிப்பார். நான் மூன்றாவது ஆள். வயலில் மூட்டை பிடிப்பேன், ரோட்டில் வண்டிக்கு முன்னால் நடப்பேன். தாழ்வாகத் தொங்கும் கரண்டுக் கம்பியை அந்த மூங்கிலால் தூக்கிவிடுவதும், எதிரே வருகிறவர்களுக்குச் சிவப்புத் துணியை ஆட்டுவதும் என் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, டிராக்டர் என்று பல ஊர் சுற்றிவிட்டேன். இந்த வேலையில் நடை மட்டும்தான், அதனால் பிடித்திருந்தது.

மெஷினுக்கு முன்னால் கதிர் அறுக்கும் பாகத்தைக் கட்டர் என்போம். வண்டியைவிட அது மிகவும் அகலம், இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் நிற்கும். ரோட்டில் போகிற எதுவும் ஏறக்குறைய ஒரு பஸ் அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ரோட்டுக்கு ஏறும் முன் கட்டரைக் கழற்றி, சின்ன டிரெய்லரில் நீளவாக்கில் வைத்து, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போக வேண்டும். அந்த வாரத்தில்தான் கண்டமங்கலத்தருகே ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் எங்களை நிறுத்திச் சொன்னார்: "வயல்ல நீ எவ்ளோ அகலமா வேணா இரு. ரோட்டுக்கு வந்தா ஒடுங்கித்தான் வரணும்." முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். இன்ஸ்பெக்டரின் ஜீப் போனதும் டிரைவரிடம், "ரெண்டு வயலுக்கு நடுவுல கழட்டி மாட்டினா அறுப்பு எப்ப முடியறது?" என்றார். கழற்ற ஒரு மணி நேரம், மாட்ட அதற்கும் மேல்.

அந்தப் பக்கத்தில் தமிழ்நாடும் பாண்டியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். ஒரு வயல் அங்கே, அடுத்த வயல் இங்கே. பிராந்திக் கடை வரிசையாக வந்தால் பாண்டி என்று டிரைவர் கணக்கு வைத்திருந்தார். பாண்டிப் போலீசின் சிவப்புத் தொப்பி கண்ணில் பட்டால் மட்டும் வண்டியை மரத்தடியில் ஒதுக்குவார். தொப்பி இல்லாத ரோட்டில் சட்டமும் இல்லை என்று நினைப்பவர்.

அன்று பிற்பகல் தொப்பி எதுவும் தெரியவில்லை. கட்டரோடுதான் போனோம். ஒரு வளைவில் நான் புளியமரங்களைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். வண்டி மரங்களுக்குப் பின்னால் இருந்தது, சத்தம் மட்டும் கேட்டது. எதிரே மொபெட்டில் பெரியவர் ஒருவர், பின்னால் வாழையிலைக் கட்டு. துணியை உயர்த்தி ஆட்டினேன். அவர் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, முஷ்டியை மடக்கி மேலே தூக்கிச் சிரித்தார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைக்காமல் என்னைத் தாண்டிப் போனார். நான் திரும்பிக் கத்தியபோது வளைவில் கட்டரின் முனை ரோட்டை அடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

இலைகள் ரோடு முழுக்கப் பறந்தன. பெரியவரின் கால் மொபெட்டுக்குக் கீழே, இருக்கக்கூடாத திசையில் திரும்பிக் கிடந்தது. அந்த வழியாக வந்த டெம்போவில் நானும் இரண்டு பேரும் அவரை ஏற்றினோம். டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். டெம்போ போன பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் முன்னால் நடந்து வந்ததைக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

"டிரைவர் எவன்டா?" என்றது ஒரு குரல். எங்கள் டிரைவர் அதற்குள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருவராக நின்றிருந்தார். முதலாளி பைக்கை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். தோளில் கை போட்டு, காதருகே பேசினார்.

"டேய், சீட்ல ஏறி உக்காரு."

"நான் எதுக்குங்க?"

"அவன்கிட்ட லைசென்ஸ் இல்லடா. உன்கிட்டதான் டிராக்டர் லைசென்ஸ் இருக்கு. அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, நீ ஒண்டிக்கட்ட. ரெண்டே நாள்ல வெளிய எடுத்துர்றேன்."

"அந்தாளு செத்துட்டாருன்னா?"

"சாவ மாட்டான். ஏறு."

என் லைசென்ஸ் அவருடைய தோல்பையில்தான் இருந்தது. தொலைந்துவிடும் என்று சொல்லி, வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். நான் ஏணியில் ஒரு படி ஏறினேன். "அதோ ஏறுறான் பார்" என்று யாரோ சொன்னதும் கூட்டம் என் பக்கம் திரும்பியது. இந்த மாதிரி முகங்களை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், சூளையில் ஒரு திருடனைக் கட்டிவைத்து அடித்தபோது. படியிலிருந்து வண்டியின் மறுபக்கம் குதித்தேன். வரப்பில் இறங்கி, இரண்டு வயல் தாண்டி மறுபடி ரோட்டில் ஏறினேன். பெரியவரைத் தூக்கக் கீழே போட்ட கம்பை எப்போது மறுபடி எடுத்தேனோ, அது அப்போதும் கையில் இருந்திருக்கிறது.

மூலக்குளம், ரெட்டியார்பாளையம் என்று உழவர்கரை வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது மெல்ல மெல்ல விளங்கியது. நின்றிருந்தால் நான் டிரைவர். நடந்துவிட்டதால் தப்பியோடிய டிரைவர். முதலாளி இந்நேரம் லைசென்ஸைப் போலீசிடம் கொடுத்திருப்பார். அதில் என் படம், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது. நான் முன்னால் நடந்தவன் என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் கால்வாயில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி அதைச் சொல்லக்கூடியவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான், அதுவும் அவர் உயிரோடு இருந்தால்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றேன். திண்டிவனம் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. ஒரு ஊர் ஒத்துவரவில்லை என்றால் பஸ் ஏறிவிடுவது எனக்குப் பழக்கம். "ஏறுறியா இல்லையா? வழிய வுடு" என்றார் கண்டக்டர். ஏறினால் எந்த ஊரில் இறங்கினாலும் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வழியை விட்டு நகர்ந்து, ஆஸ்பத்திரி எங்கே என்று ஒரு பூக்காரியிடம் கேட்டேன்.

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவசரப் பிரிவின் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அதில் ஒரு போலீஸ்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே, கதவை ஒட்டிய கட்டிலில், காலில் பட்டை வைத்துக் கட்டிப் பெரியவர் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. உயிரோடுதான் இருக்கிறார்.

"யாருய்யா நீ? யாரப் பாக்கணும்?" என்றார் போலீஸ்காரர்.

கட்டிலைக் கை காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அட, நீயே வந்துட்டியா. ஒன்னைத் தேடித்தான் ஜீப்பு போயிருக்குது."

என் கையைப் பிடித்துக் கட்டிலருகே இழுத்துப் போனார். "பெரியவரே, இவனப் பாத்துச் சொல்லு. வண்டி ஓட்டினு வந்தவன் இவன்தானா?"

பெரியவர் வெகுநேரம் பார்த்தார். ஊசி மருந்தில் கண் சொக்கியது.

"இவன்தான்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து என் சட்டையைப் பிடித்தாள். "பாவி, ஒனக்குக் கண்ணு இன்னா பொட்டையா?" சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அட வுடுடி" என்றார் பெரியவர். "இவன்தான் கொடி பிடிச்சினு வந்தவன்."

போலீஸ்காரர் குனிந்தார். "இன்னா கொடி?"

"செவப்புக் கொடி சார். மில்லுல முப்பது வருசம் சங்கத்துல இருந்தவன் நானு. எவனாவது செவப்பத் தூக்கினு முன்னால நடந்தா, பின்னால ஊர்வலம் வருதுன்னுதான அர்த்தம்? எஞ்சின் சத்தம் வேற கேட்டுச்சு, மைக் வண்டின்னு நெனச்சேன். நம்ம ஆளுங்கன்னு கையத் தூக்கி வணக்கம் வெச்சேன். கூட்டம் வந்து ரோட்ட அடைக்கறதுக்குள்ள தாண்டிடலாம்னு முறுக்கினேன். பாத்தா, ஊர்வலம் இல்ல, கத்தி வருது."

"ஊர்வலமாம்" என்றாள் மனைவி. "மில்லு மூடியும் இந்தாளுக்குக் கொடியப் பாத்தா கை நிக்காது."

போலீஸ்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "முன்னால கொடி பிடிச்சது நீன்னு இவரு சொல்றாரு, பின்னால வண்டி ஓட்டுனதும் நீதான்னு உங்க மொதலாளி எழுதிக் குடுத்துருக்கான். ரெண்டையும் எப்படிடா ஒண்ணா செஞ்ச?" என்றார்.

"நான் ஓட்டல சார். நடந்துதான் வந்தேன்."

"துணியக் கட்டி ஒரு ஆள வுட்டுட்டா கட்டரோட வரலாம்னு எவன்டா சொன்னது ஒங்களுக்கு?"

அவர் பெரியவர் சொன்னதை எழுதி, கைநாட்டு வேண்டாம், எழுதத் தெரியும் என்று பெரியவர் சொன்னதும் கையெழுத்து வாங்கினார். லைசென்ஸைத் திருப்பித் தரவில்லை. நிஜ டிரைவர் கிடைத்து, கேஸ் கோர்ட்டுக்குப் போகிறவரை நான் ஊரை விட்டுப் போகக்கூடாது என்றார். போனால் இந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டு முதலாளி கொடுத்ததையே வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். மிரட்டுகிறாரா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

"எங்கடா தங்குவ?"

எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. பெரியவரின் மனைவி குறுக்கே பேசினாள். "எங்க வூட்டு அட்ரஸ் போட்டுக்கோ சார், முதலியார்பேட்ட. இவன் போயிட்டா எங்க கேஸும் போச்சு. கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

இரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்தேன். வெளிக்கதவு வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

விடிந்ததும் என் காலைத் தட்டினாள். பெரியவர் தோட்டங்களில் இலை அறுத்து வாங்கி, டவுனில் இருக்கும் மெஸ்களுக்குப் போடுகிறவராம். ஒரு நாள் இலை போகாவிட்டால் மெஸ்காரன் வேறு ஆள் பார்த்துவிடுவான். "தோட்டத்துக்கு இனிமே யாரு போறது? இப்பத்திக்கு மார்க்கெட்டுலயே வாங்கிப் போடுவோம். நீ தூக்கு. சோறு போடறேன்" என்றாள்.

பெரிய மார்க்கெட்டில் பூக்கடைகளுக்குப் பின்னால் இலைக் கட்டுகள் குவிந்திருந்தன. அவள் கட்டைப் பிரித்து நுனி இலைகளைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி, இரண்டு கட்டு எடுத்தாள். ஒன்றைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "அமுக்காத, நரம்பு ஒடிஞ்சா எவனும் எடுக்க மாட்டான்." இலையில் தெளித்திருந்த தண்ணீர் கழுத்தில் வழிந்தது. முதல் மெஸ்ஸின் பின்வாசலில் சமையல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "யாரு, புது ஆளா?" என்று கேட்டார்.

"கேஸுக்கு வேண்டிய ஆளு" என்றாள் அவள். "இலையும் போடும்."

கட்டை இறக்கி, கிழிந்த இலைகளைத் தனியே எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.