இரண்டாகப் பிளந்த பௌதிகம்

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய் மாதுங்காவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடு தாராவியில். ரயிலுக்குப் பாஸ் எடுக்க வசதியில்லை என்பதால் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடப்பேன். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கல்லூரி வாசல் குழாயில் காலைக் கழுவிய பிறகு போட்டுக்கொள்வேன். செருப்பு இரண்டு வருஷம் உழைத்தது.

பழைய காகிதம் விற்கும் ரத்திக் கடையில், மில் ஆபீஸ்களிலிருந்து வந்த, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்கள் எடைக்குக் கிடைக்கும். வெறும் பக்கத்தில் கணக்குப் போடுவேன். இதற்கெல்லாம் இன்று பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு அது பிழைப்பு.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மாதுங்கா பையன். அவன் அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வீட்டில் ஐந்து பேர் படித்ததால் அவன் கையிலும் காசு தங்காது. பௌதிகப் பாடப் புத்தகம் இருவரிடமும் இல்லை. ஒரு சனிக்கிழமை கோட்டையின் நடைபாதைக் கடையில் பழைய பிரதி ஒன்றைப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். முதுகு பிய்ந்து தொங்கியது.

"நடுவுல கிழிச்சுடலாம்டா. ஒளியும் வெப்பமும் உனக்கு, மின்சாரம் எனக்கு. மாசாமாசம் மாத்திக்கலாம்" என்றான்.

என் அப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். மிஞ்சிய துண்டுத் தோலைக் கொண்டுவந்து, இரண்டு பாதிக்கும் அட்டை தைத்துக் கொடுத்தார். பழுப்புத் தோல், மெழுகு பூசிய நூல். அப்படி ஒரு புத்தகம் எங்கள் கல்லூரி நூலகத்திலும் கிடையாது. நண்பனின் பாதியைப் பெருமையாக அவனிடம் கொடுத்தேன்.

மறுநாள் அவன் வெறும் கையோடு வந்தான். "அம்மா பால்கனியில வெச்சுட்டாடா" என்றான். சாயங்காலம் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் அம்மா வாசலுக்கு வந்தார்.

"தோல்தானே அது? உள்ளே சுவாமி படம் இருக்கு, கொண்டுவரப்டாது. நீ தப்பா நினைச்சுக்காதே. உன்னோட பாதியையும் குடுத்துட்டுப் போ."

எதற்கு என்று தெரியாமலே பையிலிருந்து எடுத்தேன். கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து இரண்டு பாதிகளும் துணி உறை போட்டுத் திரும்பி வந்தன. கிழிந்த நூல்புடவை ஒன்றை வெட்டி, நான்கு ஓரமும் மடித்துத் தைத்திருந்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. தோல் இம்மியும் வெளியே தெரியவில்லை.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அப்பா கையால் செய்ததை மூடி மறைத்துவிட்டார்களே என்று, வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிய்க்கப் போனேன். அப்பா புத்தகத்தை வாங்கித் தையலின் மேல் விரலை ஓட்டினார்.

"எலேய், இருக்கட்டும். எவ்வளவு நெருக்கமாத் தச்சிருக்காவ பாத்தியா? வெறுப்புல தச்சா இப்படி வராதுலே."

அப்பா சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அது முழு உண்மையில்லை என்று அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. உறையை மட்டும் பிய்க்கவில்லை.

பரீட்சை நெருங்கியதும் மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்வது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பாதியை எடுத்துக்கொண்டு அவனே எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டான். தோல் பதனிடும் இடங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். முகம் வெளிறி வந்து நின்றான்.

"இந்த வாசனையில எப்படிடா படிக்கறே?"

"எனக்கு வாசனையே தெரியலயேடே!"

சிரித்துவிட்டான். அம்மா மட்டும் அடுப்படியில் தயங்கி நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எய்யா, நம்ம வீட்டுல காப்பி குடிப்பியா?"

"குடுங்கோ மாமி. சக்கரை கொஞ்சம் தூக்கலா."

எங்கள் ஒற்றை அறையில் அன்றுவரை யாரும் அம்மாவை மாமி என்று கூப்பிட்டதில்லை. டம்ளரை நீட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் குடித்துவிட்டு, கூச்சமில்லாமல் இன்னொரு டம்ளர் கேட்டான்.

பரீட்சை முடியும்வரை தினமும் வந்தான். தரையில் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். எங்கே போய்வருகிறான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியுமா என நான் கேட்டதில்லை. இருவரும் தேறினோம். அவனுக்கு செம்பூரில் வேலை கிடைத்தது, எனக்கு வடாலாவில். வேலைக்குப் போன முதல் வருஷம் தீபாவளியன்று காலையில் பட்சணப் பொட்டலத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா குடுத்தனுப்பினா மாமி" என்றான்.