டில்லி போய்த் திரும்பிய டப்பா

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுச் சேஷய்யரின் டில்லி கேஸ் தோற்றுப்போயிற்று.

தோற்றவர் அவர். கவலை பிடித்துக்கொண்டது எனக்கு! நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலைப்படுவதற்குப் படிப்பா வேண்டும்?

ரோடு போடுவதற்காக அவர் கொல்லையைச் சர்க்கார் கேட்டது. மாட்டுத் தொழுவம், நேந்திர வாழை எல்லாம் அங்கேதான். இங்கே ஜில்லாக் கோர்ட்டில் தோற்று, எர்ணாகுளம் ஹைக்கோர்ட்டில் தோற்று, கடைசியில் டில்லி பெரிய கோர்ட்டுக்குப் போனார். அதற்கு மேலே கோர்ட் கிடையாது.

அதுதான் என் பயமே. முன்பு எல்லாருக்கும் மேலே ராஜா இருந்தார். கோவில் ஆராட்டு ஊர்வலத்தில் சுவாமியோடு நம் கண்ணெதிரே நடந்து போவார். டில்லி ஜட்ஜுகளின் முகத்தை யார் கண்டது? சம்பளம் கொடுப்பது சர்க்கார்... அதற்கு எதிராக வாய் திறப்பார்களா?

சேஷய்யருக்கோ சந்தேகமே இல்லை. கொட்டாரத்தில், அதாவது அரண்மனையில், ராஜாவுக்குக் கணக்கு எழுதி ரிட்டயரானவர். பெரியவர்கள் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பது அவருடைய ரத்தத்தில் ஊறிய பழக்கம். என்ன செய்தார் தெரியுமா? சம்சாரம் பார்வதி மன்னியை விட்டு ஒரு பெரிய டப்பா நிறையச் சர்க்கரை வரட்டி — வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய் வறுவல் — போடச் சொன்னார். கூடவே கோவில் சந்தனம். டில்லி ஜட்ஜுகளுக்கு ரயில் பார்சல்!

விஷயம் தெரிந்ததும் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாமி, சதிச்சுட்டீரே! லஞ்சம்னு நெனைச்சா கேஸ் போச்சு!"

"லஞ்சமா? மரியாதையாக்கும் ஓய்!"

டப்பா திரும்பி வந்தது. கட்டிய கயிறுகூட அவிழவில்லை.

சேஷய்யர் முகம் தொங்கிப்போயிற்று. "தொட்டுக்கூடப் பாக்கலையே..."

மன்னிதான் சிரித்துக்கொண்டே தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தாள். "டில்லி பாத்துட்டு வந்த வரட்டியாக்கும், எடுத்துக்கோங்கோ!" மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அதனாலென்ன?

வியாழக்கிழமைக்கு வருகிறேன். தீர்ப்பைக் கேட்டதும் மனுஷர் ரோடு போட வருகிறவர்கள் முன்னால் குறுக்கே விழுந்துவிடப் போகிறாரே என்று ஓடினேன். அவரோ தொழுவத்தில் பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேடிக்கை பாக்கறீரே, கயித்தைப் பிடியும் ஓய்!"

"அண்ணா, சர்க்கார் கோர்ட்டு சர்க்காருக்குத்தானே சொல்லும்? அதை நம்பி..."

"மடையன்கள்! ரோடு போட வேற எடமா இல்லை?" என்று ஜட்ஜுகளை ஒரு பாட்டம் திட்டினார். பிறகு பசுவின் கழுத்தைத் தடவியபடி சொன்னார்: "ஆனா ஒண்ணு. நம்ம டப்பாவைத் திருப்பி அனுப்பினவா, சர்க்கார் டப்பா அனுப்பியிருந்தா அதையும் திருப்பித்தானே அனுப்பியிருப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. ஜெயித்தவன் கோர்ட்டைப் புகழ்வது பெரிய காரியமா? தோற்றவன் திட்டிக்கொண்டே பசுவை அவிழ்க்கிறானே — எந்தப் பெரிய கோர்ட்டும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இனி டில்லியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் பசுவைப் பற்றித்தான் — அதை இப்போது என் ஜன்னலோரமாகக் கட்டியிருக்கிறார்!