உலைக்கு ஒரு நாள் ஓய்வு

உலகத்தில் எனக்கு ஒரே எதிரி மின்வெட்டுதான் என்று நம்பிய முட்டாள் நான்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர் வேலை. நான் படிகம் வளர்ப்பேன். விழுப்புரத்தில் பாடம் நடத்தும் என் பழைய வகுப்புத் தோழன் அதை அளப்பான். கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் தனித்தனியாகத் திரிவதை விட்டு ஒரே கூட்டமாக நடந்துகொள்ளும் பொருள்கள் சில உண்டு. குவாண்டம் பொருள்கள் என்பார்கள். அப்படியொன்றை அளக்க, வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். ஒரு வருடம் காத்திருந்து வாங்கிய முறை. அதற்கு அரிசியளவாவது ஒரு முழுப் படிகம் வேண்டும். அதைத் தர வேண்டியவன் நான்.

மூலப்பொருள்களைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, மின்உலையில் உருக்கி, மணிக்கு இரண்டு டிகிரி வீதம் குளிரவிட வேண்டும். பதினாறு நாள். நடுவில் உலை நின்றால் போச்சு. ஜெனரேட்டரில் டீசலை வழிய வழிய நிரப்பினேன். லைன்மேனைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைத்தேன். மனுஷன் பயந்துபோய் வேறு தெருவில் போக ஆரம்பித்தார்.

நான்காம் நாள் மாலை துறையில் ஆயுதபூஜை முடிந்து விடுமுறை விட்டார்கள். வீட்டிலிருந்தபடி வாட்ச்மேனுக்குத் தினமும் மூன்று போன். “கரண்டு இருக்கா?” “சூப்பரா இருக்குது சார்.” நிம்மதியாகத் தூங்கினேன்.

திரும்பி வந்து உலையைத் தொட்டால் சுடவில்லை. என் கையில்தான் கோளாறு என்று இன்னொரு கையாலும் தொட்டேன். அலறிய அலறலில் ஆய்வக உதவியாளர் அக்கா ஓடி வந்தார்.

“அதுவா சார்? நான்தான் ஆஃப் பண்ணேன்.”

“ஏன்க்கா?”

“நீங்கதான சார் நோட்டீஸ் போட்டீங்க? எல்லா மெஷினையும் நிறுத்தித் தொடைச்சு வைக்கணும்னு. பாவம், நாலு நாளா ராவும் பகலும் ஓடிக்கினு இருந்துச்சு.”

வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றி நான் கையெழுத்துப் போடும் சுற்றறிக்கை அது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டேனே! ‘இதையுமா சார்’னு. நீங்க பொரி தின்னுக்கினே தலையாட்னீங்க.”

அதோடு விட்டேனா? அணைந்த உலைக்கு முன்னால் கற்பூரம் காட்டியவன் நான். வெப்பநிலை எண் ஒளிர வேண்டிய இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்ததும் இந்தக் கைதான்.

அளக்கும் நாளுக்குப் பத்தே நாள் இருந்தது. தோழனுக்கு போன் போட்டேன்.

“ஜல்தியா சொல்லுடா, கிளாஸுக்குப் போய்க்கினு இருக்கேன்.”

சொன்னேன்.

“அங்க நான் இன்னாடா சொல்றது? உலை லீவுல போச்சுன்னா?”

“தொழில்நுட்பக் காரணம்னு சொல்லு.”

“உன்னோட பேஜாருடா.”

ஆனாலும் மதியமே பஸ் ஏறி வந்துவிட்டான். திடீரென்று குளிர்ந்ததால் புதிதாக ஏதாவது பிறந்திருக்கும் என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அவன் சுத்தியலை நீட்டினான்.

குழாயை உடைத்தோம். உள்ளே சர்க்கரையைவிடப் பொடியான துகள்கள். எதையும் அளக்க முடியாது. அவனுடைய மூன்று நாளை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.